பீச்சங்கைத் துவக்கு

எங்கள் வீட்டில் துணிச்சல் என்பது மனைவியின் இலாகா. நவம்பரில் இந்த லண்டன்காரர் வாணவேடிக்கை விடும்போது நான் சோபாவுக்குப் பின்னால் குனிந்து, தொலையாத பொருட்களைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த வருடம் என்ன தொலைந்தது என்று கௌரி கேட்பாள். ஒருமுறை டிவி ரிமோட் என்றேன். அது அவளுடைய கையில் இருந்தது.

அப்படிப்பட்ட என்னிடம்தான் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஒரு துவக்கு வாங்கவேணும்."

பக்கத்தில் ஷோபா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஷோபா ஈப்போக்காரி. படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்கு அமர்ந்து, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். "துவக்கிட்டு அப்புறம் என்னக்கா வாங்கணும்?" என்று கேட்டாள். மலேசியாத் தமிழில் துவக்கு என்றால் தொடங்கு. எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் அது சுடும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் கடை திறக்கிறார்கள், நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

இத்தனைக்கும் இந்தக் கூத்தை ஆரம்பித்துவைத்ததே ஷோபாதான். லூயிஷாமில் ரயில் பாலத்துக்குக் கீழே, செங்கல் வளைவொன்றுக்குள், ஒரு சுடும் கழகம் இருக்கிறது. சனிக்கிழமைக் காலைகளில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜனவரியில் ஷோபா கௌரியை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். போன ஆள் திரும்பி வரும்போது வேறு ஆளாக இருந்தாள்.

ஏதோ பெரிய ஆயுதம் என்று நினைத்துவிடாதீர்கள். கைத்துவக்கை இந்த நாட்டில் தொண்ணூற்றேழிலேயே தடை செய்துவிட்டார்கள். மிஞ்சியது காற்றில் வேலை செய்யும் துவக்கு. மல்லி விதை அளவான ஈயச் சன்னத்தைப் பத்து மீற்றர் தள்ளியிருக்கும் கடுதாசி அட்டையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் உச்சகட்ட வீரம். சத்தம் சோடாப் போத்தல் திறந்த மாதிரி. பார்க்கப் போன முதல்நாள் அதற்கும் நான் காதைப் பொத்தினேன்.

உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். கௌரி வெங்காயத்தை நிறுத்தவில்லை.

"ஊரில இருந்த காலம் முழுக்க நான் துவக்கின்ர வாய்ப் பக்கம்தான் பாத்தனான். ஆமியின்ர, இந்தியன் ஆமியின்ர, எங்கட பெடியளின்ர. மற்றப் பக்கம் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கவேணும். சுடுறது கடுதாசியைத்தானே."

வெங்காயத்தால்தான் எனக்குக் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கழகத்தில் ஒரு தவணை உண்டு. தவணை முடியும் சனிக்கிழமை மூன்று அட்டை சுடவேண்டும். அட்டைக்குப் பத்துச் சன்னம், மொத்தம் நூறு புள்ளி. மூன்றில் ஒன்றிலாவது அறுபது எடுத்தால் அங்கத்தவர். எடுக்காவிட்டால் இடத்தைக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு விட்டுவிட்டு, பட்டியலின் அடியில் போய் நிற்கவேண்டும். பட்டியல் ஒன்றரை வருட நீளம். கௌரி அதுவரை எடுத்த ஆகக்கூடிய புள்ளி முப்பத்தெட்டு. தவணை முடிய ஐந்து கிழமை, அதாவது ஐந்து சனிக்கிழமை, இருந்தது. கழகத்தின் இரவல் துவக்குகள் எல்லாம் பெரிய ஆண்கைகளுக்குச் செய்தவை, அக்காவின் விரல் விசைக்கே எட்டவில்லை, அதனால் சின்னதாக, கைக்கு அடக்கமாகச் சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று ஷோபா சொன்னாள்.

நான் டைல்ஸ் ஒட்டுபவன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் குளியலறைகள், அதன் பிறகு லண்டனில் குளியலறைகள். நாடு மாறியும் முழங்காலில் நிற்பது மாறவில்லை. ஆனால் சாமான் வாங்குவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. அந்தக் கிழமை வால்தம்ஸ்டோவில் வேலை. வேலை முடிந்து என் வான் வண்டிக்குப் போகிற வழியில் துவக்குக் கடை ஒன்றைக் கண்டேன். கௌரிக்குச் சொல்லாமல் வாங்கிப்போய் அசத்திவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன். என் வாழ்க்கையின் பெரிய பிழைகள் எல்லாம் இந்த அசத்தல் எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த வயதான வெள்ளைக்காரர். யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு, இப்போதுதான் சுடப் பழகுகிறாள் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். கடுதாசியைச் சுடத்தான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். கை எவ்வளவு பெரிசு என்றார். எனக்குத் தெரிந்த அளவு அவளுடைய காப்பின் அளவுதான். இரண்டு-நாலு என்றேன். அவருக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. விரல்களால் வட்டம் பிடித்துக் காட்டினேன்.

அடுத்து, வலக்கைக்காரியா இடக்கைக்காரியா என்று கேட்டார்.

நான் சிரித்தே விட்டேன். "நாங்கள் தமிழர், சேர்" என்றேன் ஆங்கிலத்தில். "எல்லோரும் வலக்கையால்தான் சாப்பிடுகிறோம்."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பிறகு வலக்கை என்று எழுதிக்கொண்டார்.

சுருள்வில்லில் வேலை செய்வது உதைக்கும், புதியவருக்கு ஆகாது என்றார். சின்ன வாயுக் குப்பி போடுவது இழுக்கச் சுகம், ஆனால் குப்பி குளிரில் சோர்ந்துவிடும் என்றார். கடைசியாக, பக்கத்து நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் தானே காற்றை அடைத்துக்கொள்ளும் ஒன்றை எடுத்து வைத்தார். பழையது, அளவான விலை. பிடி வாதுமை மரம். வலது உள்ளங்கை வந்து உட்காரும்படி குடைந்து, கீழே ஒரு தட்டும் வைத்துச் செதுக்கியிருந்தார்கள். என் கையைக் கொடுத்தேன். பிறந்த நாள் முதல் எனக்காகக் காத்திருந்தது போல ஒட்டிக்கொண்டது. சரிவராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கொண்டுவா, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, சட்டப்படி என் பெயரையும் விலாசத்தையும் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். புவனேந்திரனுக்கு இரண்டு வரி தேவைப்பட்டது.

கௌரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள். இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அப்படித் தட்டியது மொத்தம் நாலு தடவை.

அடுத்த சனிக்கிழமை அவள் எடுத்தது முப்பத்தொன்று. அதற்கடுத்த சனிக்கிழமை இருபத்தொன்பது.

கழகத்தின் செயலாளர் மொரீன் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பார்வையாலேயே ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கக்கூடிய பெண். இருபத்தொன்பதைப் பார்த்துவிட்டு அவர் கௌரியைக் கூப்பிட்டார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் முக்கோணம் பிடித்து, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னார். இடக்கண்ணை மூடியதும் மணிக்கூடு முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டது. வலக்கண்ணை மூடியபோது அசையாமல் இருந்தது. நீ குறிபார்ப்பது இடக்கண்ணால், நீ இடக்கைக்காரியா என்று மொரீன் கேட்டார். இல்லை என்றாள் கௌரி. எப்போதாவது இருந்தாயா என்று கேட்டார் மொரீன். அவள் துவக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வான் வண்டியில் வீட்டுக்கு வரும்போது சொன்னாள்.

"அஞ்சு வயசு மட்டும் நான் இடக்கைதான். அம்மாவுக்கு நேரமில்லை, என்னைத் திருத்துற பொறுப்பு அண்ணையிட்ட. இந்தக் கையைக் கதிரையோட ரிபனால கட்டிப்போட்டுத்தான் சாப்பிட விடுவார். எழுதேக்கையும் கட்டு. ஒரு வருசம். பிறகு கட்டத் தேவையில்லாமல் போச்சுது."

சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தோம். பச்சை விழுந்தும் நான் நின்றேன். பின்னால் ஹோன் அடித்தார்கள்.

ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறேன். அவள் ஊசியில் நூல் கோர்ப்பது இடக்கையால். போத்தல் மூடி திறப்பது இடக்கையால். என்னை ஏசும்போது நீளுகிற விரலும் இடக்கை விரல்தான், அதை நான் பார்த்த அளவு வேறெதையும் பார்த்ததில்லை. இருந்தும் கடைக்காரரிடம் போய், சாப்பிடுகிற கையைச் சொல்லித் துவக்கு வாங்கியிருக்கிறேன். எங்களுடைய பேச்சில் வலக்கைக்குச் சோத்துக்கை என்று பெயர். மற்றதற்குப் பீச்சங்கை. ஒரு கைக்குச் சோற்றையும் மற்றக் கைக்குக் கக்கூசையும் எழுதிவைத்த பாஷை.

"நீங்கள் சோத்துக்கைக்கு வாங்கித் தந்திட்டியள்" என்றாள் கௌரி. கோபம் இல்லை. "எனக்குப் பீச்சங்கைக்கு ஒரு துவக்கு வேணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணை வந்தார்.

தியாகராஜா அண்ணை கௌரியைவிடப் பத்து வயது மூப்பு. மோர்டனில் சொந்த வீடு, கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவி, எந்த வீட்டுக்குள் வந்தாலும் தலைமை உரைக்கு வந்தவர் போன்ற நடை. துவக்கு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கோயிலில் சுண்டலுக்கு நிற்கும்போது நான்தான் பெருமையடித்தேன். முன்னால் நின்றவர் அவருடைய சம்பந்தி என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அவர் முறைப்படி தொடங்கினார். காலம் கெட்டுக் கிடக்கிறது. தமிழர் என்ற சொல்லும் துவக்கு என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வந்தாலே பொலிஸ் கதவைத் தட்டுகிற நேரம். நாளைக்கு யாராவது கேட்டால் அவர் என்ன சொல்வது? அதுவும் நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்தில் சமைக்கிற ஒரு பொம்பிளைக்கு இது என்ன வேலை? சட்டத்துக்கு உட்பட்டது, பத்து வயதுப் பிள்ளைகளின் கைப்பந்து இதைவிட ஆபத்து என்று நான் இடையில் சொல்லிப்பார்த்தேன். மச்சான் நீங்கள் சும்மா இருங்கோ என்றார். சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். இருந்தேன்.

கௌரி சோற்றுக் கோப்பையோடு வந்தாள். அண்ணையின் பக்கத்தில் நின்று, அகப்பையை இடக்கையில் எடுத்து, ஒரு அகப்பை சோற்றை அவருடைய தட்டில் போட்டாள்.

அண்ணை தட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார்.

"எந்தக் கையால போடுறாய்?"

"பீச்சங்கையால, அண்ணை. நீங்கள் கட்டிவைச்ச கை. நாப்பது வருசமாச்சு, பழுதாகேல்லை. பாருங்கோ, ஒரு பருக்கை வெளியில விழேல்லை."

"உன்ர நன்மைக்குத்தானே கட்டினது."

"ஓம். அதைத்தான் நானும் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

இன்னொரு அகப்பை போட்டாள். அதே கைதான். என்னுடைய ஆதரவையும் தெரிவிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பருப்புக் கரண்டியை இடக்கைக்கு மாற்றினேன். கொள்கை சரி, கைதான் பழக்கமில்லை. பாதிப் பருப்பு அண்ணையின் வெள்ளை வேட்டியில் போய் இறங்கியது.

அந்தச் சாமான் இந்த வீட்டை விட்டுப் போகும்வரை இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லி அண்ணை எழும்பினார்.

"அது போகாது, அண்ணை" என்றாள் கௌரி. "நீங்கள் ஆறுதலா யோசிச்சு வாங்கோ. வரேக்கை சோறு இருக்கும். இந்தக் கையாலதான் போடுவன்."

அவர் போன பிறகு அவள் அழவில்லை என்று எழுத எனக்கு ஆசை. குழாயடியில் நின்று அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "கடை எத்தினை மணிக்குத் திறப்பான்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவளுடைய ஷிப்ட் முடிந்ததும் நேரே வால்தம்ஸ்டோ. கடைக்காரர் என்னை மறக்கவில்லை. பெட்டியை வைத்தேன். யாருக்கு எந்தக் கை என்று அவர் இம்முறை கேட்டபோது என்னைப் பார்க்கவேயில்லை. நான் கடைத் தரையின் டைல்ஸைப் பார்த்தேன். மோசமான வேலை.

"இடது" என்றாள் கௌரி. "நான் இடக்கைக்காரி."

அதை அவள் வெளி ஆள் ஒருவரிடம் முதல்முறையாகச் சொன்னாள். சொன்ன பிறகு தோள் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. அல்லது கோட்டின் தோளில் வைத்த பஞ்சாகவும் இருக்கலாம்.

இடக்கைக்குச் செதுக்கிய பிடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு கிழமை எடுக்கும், பிடியின் விலையே துவக்கின் விலையைத் தாண்டும் என்றார் கடைக்காரர். எங்களிடம் மூன்று கிழமைகூட இருக்கவில்லை. அவர் யோசித்துவிட்டு மூன்றை மேசையில் வைத்தார். கௌரி ஒவ்வொன்றாக எடுத்து, இடக்கையை நீட்டி, சுவரில் இருந்த ஆணியைக் குறிபார்த்து, மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். முதலாவது பார்க்க அழகு, ஆனால் மூக்குப் பாரம், ஆறில் நுனி சரிந்தது. இரண்டாவது பாரமில்லை, விசைதான் எட்டவில்லை, விரல் நுனியால் தடவிக்கொண்டு நின்றாள். மூன்றாவது குட்டையாக, கறுப்புப் பிளாஸ்ரிக் பிடியோடு, சமையலறைக் குழாய்க்கு மாற்றுகிற உதிரிப்பாகம் மாதிரி இருந்தது. பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எந்தக் கைக்கும் பட்சமில்லை. மூன்றிலும் மலிவு. அவளுடைய விரல் நேரே போய் விசையில் படுத்தது. பத்து வரை எண்ணியும் நுனி அசையவில்லை.

இதில் ஒரு குறை உண்டு என்றார் கடைக்காரர். நெம்பை இழுத்து மூடக் கையில் பலம் வேண்டும், பெண்கள் பலர் இதனாலேயே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் காட்டுகிறேன் என்று வாங்கினேன். முக்கால் வாசியில் நெம்பு நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன். கௌரி என் கையிலிருந்து வாங்கினாள். முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிக்கிற பானையைத் தினமும் இறக்கிவைக்கிற கை அது. ஒரே அமுக்கு. டக் என்று மூடியது.

"இதுதான்" என்றாள்.

வடிவாக இல்லையே என்றேன் மெல்ல.

"உங்களை வடிவு பாத்தே கட்டினனான்?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

மிச்சமிருந்த நாட்களில், கழகம் அனுமதித்த நேரமெல்லாம் அவள் அங்கேயே கிடந்தாள். முதலில் இருபத்திரண்டு. கை புதிதல்லவா. பிறகு நாற்பத்துநாலு. பிறகு ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டில் நின்று மூன்று நாள் இறங்கி ஏறியது. வீட்டில் தேநீர்க் கோப்பையை இடக்கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு செய்தி பார்த்தாள். நான் பின்னால் நின்று, கோப்பை அசைகிறதா என்று பார்த்து அறிக்கை கொடுத்தேன். அண்ணையிடமிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கென்று உலையில் ஒரு பேணி அரிசி கூடத்தான் போட்டாள்.

தவணைச் சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஷோபாவும் நானும். ஷோபா நகம் கடித்தாள். நான் பயிற்சியுள்ளவன் என்பதால் காதைப் பொத்தாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் அட்டை நாற்பத்தொன்பது. கௌரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஐம்பத்தேழு. ஷோபா என் கையைப் பிடித்து நெரித்தாள். "வந்துரும்ணே, வந்துரும்" என்றாள். மொரீன் மூன்றாவது அட்டையைக் கொடுத்தார்.

மூன்றாவதில் அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சன்னத்துக்கும் நெம்பை இழுத்தாள், மூடினாள், கையை உயர்த்தினாள். இரண்டு தரம் கையை உயர்த்திவிட்டுச் சுடாமலே இறக்கினாள். பக்கத்தில் சுட்டவர்கள் எல்லாம் முடித்துவிட்டு நின்றார்கள். பத்தாவது சன்னத்துக்கு நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன். இதுவரை எந்தத் துவக்கையும் அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

மொரீன் அட்டையை மேசையில் வைத்துக் கூட்டினார். ஐம்பத்தொன்பது. திரும்பவும் கூட்டினார். ஐம்பத்தொன்பது. பிறகு ஒரு துளையின் மேல் குனிந்தார். அது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. ஓரம் கோட்டைத் தொட்டிருந்தால் ஏழு. தொடாவிட்டால் ஆறு. கண்ணால் சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஆணி மாதிரி, தலையில் சின்ன விளிம்போடு. அதைத் துளைக்குள் இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்க்கவேண்டும். மொரீன் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் தேடத் தொடங்கினார்.

நான் போய்க் கௌரியின் பக்கத்தில் நின்றேன். தொட்டிருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

"தொடாட்டி நான் பட்டியல்ல நிக்கிறன்" என்றாள், மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்டரை வருசம்தானே. இந்தக் கை அதைவிடக் கனகாலம் பொறுத்திருந்தது."

மொரீன் ஆணியை இறக்கினார். பூதக்கண்ணாடியை வைத்தார். ஷோபாவைக் கூப்பிட்டு, நீயும் பார் என்றார். ஷோபா பார்த்தாள், நிமிர்ந்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். மொரீன் பேனையை எடுத்து ஆறை வெட்டி ஏழு என்று எழுதினார். கீழே, அறுபது.

ஷோபா கௌரியைக் கட்டிப்பிடித்தாள். நான் யாரையாவது கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அருகில் இருந்தவர் மொரீன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் போய் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். 

மொரீன் அங்கத்துவப் படிவத்தை நீட்டினார். கௌரி அதை வாங்கவில்லை. புது அட்டை ஒன்றை எடுத்துக் கம்பியில் கொளுவிக்கொண்டிருந்தாள். கொளுவி முடித்து, நெம்பை இழுத்து, டக் என்று மூடினாள்.

"இருங்கோ" என்றாள், மொரீனைப் பார்த்து, தமிழிலேயே. "நான் இன்னும் முடிக்கேல்லை."

மொரீன் படிவத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.